அனிபாலின் வலது கை விரல்கள்

முட்டை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கல்லாப் பக்கமிருந்து எறிகிறேன். அனிபால் பெகேரோ தலையைத் திருப்பாமல் இடது கையை நீட்டுகிறான். முட்டை சத்தமில்லாமல் அந்தக் கைக்குள் போய் உட்காருகிறது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு டஜன் முட்டையும் இப்படித்தான் பைக்குள் போகும். வாங்க வந்த பெண்மணி வாயைப் பிளந்து பார்ப்பாள். மறுநாளும் முட்டைக்கு என் கடைக்கே வருவாள். இந்த ஒரு உபகாரத்துக்காகத்தான் என் தங்கை புருஷனை வருஷா வருஷம் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை என் மளிகைக் கடையில் பொறுத்துக்கொள்கிறேன். மற்றபடி அவனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் ரத்தக் கொதிப்பு.

கடையில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில்கூட அவன் உட்கார மாட்டான். அரிசி மூட்டைக்கும் பீர் பெட்டிக்கும் நடுவே, வருகிறவர் போகிறவர் எல்லாரும் தடுக்கி விழுகிற இடமாகப் பார்த்து, குந்தி உட்கார்ந்திருப்பான். வயது முப்பத்தாறு. எழுந்திருக்கும்போது இரண்டு முழங்காலும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் போடும்.

"நாற்காலி என்ன கடிக்குமா மாப்ளே?" என்று கேட்டால், "அதுல உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும் மச்சான். இப்படி இருந்தாத்தான் ஆட்டம் பூரா தெரியும்" என்பான்.

என்ன ஆட்டம்? அவன் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் எதிர்வாடையில் முடிவெட்டுகிற கடைதான் தெரியும்.

பதினெட்டு வயதில் எங்கள் தீவின் இந்த சான் பெட்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு பேஸ்பால் ஆடப் போனவன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எதிரே நிற்கிறவன் வீசுகிற பந்தைப் பிடிப்பது அவன் வேலை. எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தில் இரண்டே இடங்கள்தான். மேலே, கீழே. மேலே என்றால் டிவியில் வருகிற அணிகள். கீழே என்றால் பஸ்ஸில் போகிற அணிகள். அனிபால் பதினெட்டு வருஷமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். ஏழு அணிகள், பன்னிரண்டு மாநிலங்கள். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அங்க என்ன இருக்கு? ஒரு சலவைக் கடை இருக்கு. ஒரு கோழிக் கடை இருக்கு. மைதானம் இருக்கு. வேற எதப் பாத்தேன்?"

ஒரே ஒரு தடவை மேலே போனான். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம், ஒன்பது நாள். முதல் பிடிப்பாளனின் கட்டை விரல் ஒடிந்ததால் இவனைக் கூப்பிட்டார்கள். அந்த ஒன்பது நாளும் இந்தத் தெருவே என் கடை டிவி முன்னால்தான் கிடந்தது. கேமரா இரண்டு முறை அவனைக் காட்டியது. ஒருமுறை சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தான். ஒருமுறை அடுத்தவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் அவன் அணி பதினோரு ஓட்டம் முன்னால் இருந்தது. இனி யாரை இறக்கினாலும் தோற்க முடியாது. பயிற்சியாளர் இவனைப் பார்த்துத் தலையசைத்தார். இவன் கால் கவசத்தைக் கட்ட ஆரம்பித்தான். வலது கால் முடிந்தது. இடது காலில் கடைசி பக்கிளைப் போடும்போது அவர் மனம் மாறிவிட்டது. இருக்கிறவனே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் இவனைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே அவன் மேலே ஆடியதாக எந்தப் பதிவிலும் கிடையாது. களத்தில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால்கூட அவன் பெயர் அந்தப் பட்டியலில் காலத்துக்கும் இருந்திருக்கும். நிற்கவில்லை. அந்தப் பயிற்சியாளரைத் திட்டுவானா என்றால் அதுவும் இல்லை. "என் தப்புதான் மச்சான். எடது காலை மொதல்ல கட்டியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்பான். அன்றிலிருந்து எதை மாட்டினாலும் இடது கால்தான் முதலில். செருப்பு, கால்சட்டை, காலுறை எல்லாம் அப்படியே. என் தங்கையின் கல்யாண நாள் விருந்துக்கு ஒருமுறை தப்பி வலது கால் ஷூவை முதலில் போட்டுவிட்டு, கழற்றி மறுபடி இடதிலிருந்து ஆரம்பித்தான். நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புள்ளிக் காய்களை வரிசையாகச் சேர்த்து ஆடும் டொமினோ ஆட்டத்தில் அவன் எனக்குக் கூட்டாளியாகப் பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிடிக்கிறவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எந்தப் பந்தை வீச வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே வலது கை விரல்களைக் காட்டி எதிரே நிற்கிறவனுக்குச் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் நேராக வருகிற வேகப்பந்து. இரண்டு என்றால் வளைந்து வருவது. கையை மூடினால், இதுவரை சொன்னதை மறந்துவிடு என்று அர்த்தம். வீசுகிறவனுக்குப் பிடிக்காவிட்டால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். வேறு விரல் காட்ட வேண்டும். சம்மதமானால் தலையை மேலும் கீழும் அசைப்பான். உடனே பிடிக்கிறவன் இடது கையை நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டுவான், இங்கே போடு என்று. இப்போது அமெரிக்காவில் இதற்கெல்லாம் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கருவி வந்துவிட்டது. அழுத்தினால் வீசுகிறவன் தொப்பிக்குள் குரல் கேட்குமாம். அனிபாலின் விரல்களுக்கு அங்கே வேலை போய்விட்டது. அவை இங்கே என் கடையில் வேலை தேடுகின்றன.

கையில் நான்கு புள்ளிக் காய் வைத்திருந்தால் அவனை அறியாமலே நான்கு விரல் தொடைக்கு நடுவே இறங்கும். இந்தத் தெருவில் அந்தப் பாஷை தெரியாத ஆண்பிள்ளை ஒருவன் கிடையாது. மோட்டார் சைக்கிள் சவாரி ஓட்டுகிற சிச்சோ, எதிர் அணிக்காரன், குனிந்து பார்த்துவிட்டு நிதானமாக நான்கு போட முடியாதபடி வழியை அடைப்பான்.

"மாப்ளே, கையத் தூக்கி மேசை மேல வை" என்று நான் கரடியாகக் கத்துவேன்.

"வெச்சுத்தான இருக்கேன்?"

"அது எடது கை."

"விடுங்க அண்ணே" என்பான் சிச்சோ. "அவரு உங்களுக்குத்தான் சொல்றாரு. நீங்கதான் பாக்க மாட்டேங்கறீங்க. நாங்க மரியாதையா பாத்துக்கறோம்."

போன வாரம் மட்டும் பதினான்கு ஆட்டம் தோற்றேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். என் தங்கை எனெரோலிசா பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்குப் புருஷனின் வாயை மட்டும் திறக்க முடியவில்லை. ஒரு விரல் என்றால் சரி. இரண்டு என்றால் பிறகு பார்க்கலாம். கையை மூடினால் பேச்சை விடு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறான். அதில் சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டினால் ஐந்து வருஷம்கூட வராது என்று அவள் சொல்கிறாள். அவன் விரலுக்கு அவள் ஒருநாளும் விரலால் பதில் சொன்னதில்லை. வாயால்தான் சொல்வாள், அது எனக்கு மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

இந்த ஜனவரியில் அந்தச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. நவம்பரிலேயே அவன் அணி அவனை விட்டுவிட்டது. வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். குளிக்கப் போனால்கூட அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவான். கடைசியில் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். மேலே உள்ள அணி. பேசியது அலுவலகத்திலிருக்கும் பெனால்வெர் என்பவர். வேலை ஒன்று காலியாக இருக்கிறது, ஆனால் ஆட்டக்காரனாக இல்லை. களத்துக்குப் பக்கத்தில் வேலிக்குப் பின்னால் ஒரு இடம் உண்டு. வீசப் போகிறவர்கள் இறங்குவதற்கு முன் அங்கேதான் கையைச் சூடு பண்ணிக்கொள்வார்கள். அங்கே குந்தி உட்கார்ந்து அவர்கள் பந்தைப் பிடித்துத் திருப்பிப் போட ஒரு ஆள் வேண்டும். சீருடை உண்டு. வருஷம் முழுக்க ஒரே ஊர். மனைவியும் வந்து சேர்ந்து இருக்கலாம். விசா மனு அனுப்ப வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தங்கை அன்று என் கடையில் நின்று அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான். இவன் இரண்டு விரலைக் காட்டினான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு விரல். புதன்கிழமை மூடிய கை. வியாழக்கிழமை நான் முட்டை எறிவதை நிறுத்திவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு என்னதான் வேணும் மாப்ளே? தினம் அதே மைதானம். அதே சட்டை. டிவியில வர்ற அணி. ஒரே வீட்ல பொண்டாட்டியோட இருக்கலாம். இன்னும் எந்த மகராசன் வந்து கூப்பிடணும்?"

அவன் பீர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த வேலைக்குப் போயிட்டா நான் ஆட்டக்காரன் இல்ல மச்சான். தினம் வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நடக்கும். நான் இந்தப் பக்கம் பந்து பிடிச்சு ஆள அனுப்பிட்டு இருப்பேன். கால் கவசம் கட்டிட்டுத்தான் உக்காந்திருப்பேன், தெரியுமா? ரெண்டு காலும் கட்டியிருக்கும். ஆனா யாரும் கூப்பிட மாட்டாங்க."

"இப்ப மட்டும் கூப்பிடறாங்களா?"

"இப்ப கூப்பிடலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு அட்டை முட்டையையும் அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். முப்பத்தாறு வயதில் யார் கூப்பிடப் போகிறார்கள்? அதைக் கேட்கத்தான் வாயெடுத்தேன், கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் கடையைக் கவனிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அவன் பக்கிளைப் போடுவதை அன்று கேமரா காட்டவில்லை. காட்டியிருந்தால் நானே சீக்கிரம் போடு என்று கத்தியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வழக்கம்போல வந்தான். தொலைபேசியைக் காணோம்.

"எங்கடா அது?"

"வீட்ல. தலகாணிக்கு அடியில."

மூன்று மாதமாகக் கைக்குழந்தை மாதிரி சுமந்ததை, வேண்டிய நாளாகப் பார்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். சிச்சோ டொமினோக் காய்களைக் கலைத்துப் போட்டான். நாங்கள் ஆடினோம். இரண்டு ஆட்டம் தோற்றேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எனெரோலிசா வாசலில் வந்து நின்றாள். மருத்துவமனை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் அவன் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"அனிபால்? பெனால்வெர் பேசறேன். மனு இன்னும் கொஞ்ச நேரத்துல போகணும். வர்றீங்களா, இல்லையா?"

அனிபால் மேசையிலிருந்து நகர்ந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். நான் ரேடியோவை நிறுத்தினேன். சிச்சோ காயைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

வலது கை தொடைகளுக்கு நடுவே இறங்கியது. இரண்டு விரல்.

இப்போது வானமே இடிந்து விழப் போகிறது என்று நினைத்தேன். என் தங்கை வாயைத் திறக்கவில்லை. அவனையே பார்த்தபடி தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவன் பாஷையில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் கையை மூடினான்.

மறுபடி தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

"அனிபால், நான் வேற ஆளப் பாக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

மூடிய கை அப்படியே இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தேன். பிறகு அதிலிருந்து ஒரு விரல் இறங்கியது. ஒன்றே ஒன்றுதான். சிச்சோவும் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டான்.

எனெரோலிசா தலையை அசைத்தாள்.

அனிபாலின் இடது கை நெஞ்சுக்கு நேரே வந்து விரிந்தது. அவள் தொலைபேசியை எறிந்தாள். அது டொமினோ மேசைக்கு மேலே "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே பறந்து வந்தது. முட்டையைத் தலை திருப்பாமல் பிடிக்கிறவன், அதை அவள் கையிலிருந்து தன் கைக்கு வந்து சேரும்வரை கண் எடுக்காமல் பார்த்துப் பிடித்தான்.