ரோட்டைப் பார்த்த கதவுகள்

நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் தலைமையகம் ஐரோப்பாவில், பாதி வருஷம் குளிரில் கிடக்கும் ஒரு ஊரில் இருந்தது. அங்கிருப்பவர்கள் எங்கள் புனே அலுவலகத்தை ‘ஃபீல்டு’ என்பார்கள். புனேயிலேயே கோர்படியில், ரயில் பாதையை ஒட்டி நாங்கள் வேலை செய்த குடியிருப்புக்குப் போனால், அங்கே என்னை ‘ஹெட் ஆபீஸ் மேடம்’ என்பார்கள். நான் இரண்டும் இல்லை என்று இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வீடு கராடியில். ஐ.டி. கம்பெனிகளை நம்பி எழுப்பிய அடுக்குமாடி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பொங்கலுக்குக் கீழே கூடுவார்கள், எனக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். போனால், சார் எங்கே வேலை பார்க்கிறார், பசங்க எந்த ஸ்கூல் என்று ஆரம்பிப்பார்கள். எனக்குச் சாரும் கிடையாது, பசங்களும் கிடையாது. சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு லிஃப்ட் ஏறிவிடுவேன். வெளியே ஹிந்தி, அலுவலகத்தில் இங்கிலீஷ். தமிழில் யாரோடும் பேசாமலே வாரக்கணக்கில் ஓடிவிடும்.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒரு போஸ்டர். யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று தலைமையகத்துக்கு ஒரு வருஷம் திடீரென்று ஞானம் பிறந்தது. வேலை நடக்கும் இடமெல்லாம் போஸ்டர் ஒட்டச் சொன்னார்கள். ‘உங்கள் குறைகளைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்’ என்று மராத்தியிலும் ஹிந்தியிலும் எழுதி, கீழே ஒரு போன் நம்பர். அந்த ‘நாங்கள்’ என்பது என் கைபேசி.

முதலில் கூப்பிட்டவர் கோர்படிக் குடியிருப்பில் இருந்த ஒரு அக்கா. மாமனார் காலத்திலேயே வட ஆற்காட்டுப் பக்கமிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, அங்கேயே வேர் விட்டுவிட்ட குடும்பம். நான் ஹிந்தி பேசிய லட்சணத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“நீங்க தமிழாம்மா? நல்லதாப் போச்சு. இதை ஹிந்தில சொல்ல ஷரமா, வெக்கமா இருக்குது” என்றார்.

விஷயம் நாங்கள் கட்டிக்கொடுத்த கழிப்பறை. பெண்களுக்கென்று வரிசையாக அறைகள், நல்ல ஓடு, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் சரி. கதவுகள் மட்டும் ரோட்டைப் பார்த்திருந்தன. எதிரே டீக்கடை, பக்கத்தில் ரிக்‌ஷா ஸ்டாண்டு. உள்ளே போகிறவள் யார், எவ்வளவு நேரம் கழித்து வெளியே வருகிறாள் என்பது அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பின்பக்கம் ரயில்வே மதில். கதவுகளை அந்தப் பக்கம் வைத்திருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது.

“ஏக்தம் ரோட்டு மேலயே தர்வாஜா வச்சிருக்கீங்களேம்மா. நாங்கள்லாம் வயசானவங்க, போயிடுவோம். வயசுப் பொண்ணுங்க எப்படிப் போவும்? எம் பொண்ணு காலைல இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா போவணுமே. நீர்க்கடுப்பு வந்து டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன். உங்க ஆபீஸ்ல பொம்பளைங்களே இல்லியா?”

இருந்தோம். ஆனால் வரைபடம் தலைமையகத்தில் தயாரானது. நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் கதவுகளும் ரோட்டிலிருந்து எடுக்கும் ஒரே போட்டோவில் விழவேண்டும் என்பது, நன்கொடை தருபவர்களுக்காக அவர்கள் வைத்திருந்த விதி. கட்டும்போதே இது கூடாது என்று எழுதினேன். ‘கவனத்தில் எடுத்துக்கொண்டோம்’ என்று பதில் வந்தது. கவனத்தில் எடுத்துக்கொண்டதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அக்கா கூப்பிட்ட பிறகு மறுபடி எழுதினேன். வாராவாரம் நடக்கும் வீடியோ கூட்டத்திலும் இந்தப் பேச்சை எடுத்தேன். அங்கே முதலில் வானிலை பேசுவார்கள், பிறகு யாருடைய நாயாவது திரையில் வந்து எல்லோரும் அதைக் கொஞ்சுவார்கள். என் முறை வரும்போது கூட்டம் முடியப் பார்க்கும். நான் பேச ஆரம்பித்ததும், நீ மியூட்டில் இருக்கிறாய் என்பார்கள். கழிப்பறைக் கதவு என்றதும் எல்லா முகங்களும் ஒரே மாதிரி வாடும், எடுத்துச் சொன்னதற்கு நன்றி என்பார்கள். கூட்டம் முடிந்து கறுத்த திரையில் என் முகம் மட்டும் தெரியும். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் லேப்டாப்பைப் பட்டென்று மூடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிடுவார். “இன்னாம்மா சொன்னாங்க?” என்பார். நான் பூசி மெழுகுவேன். உடனே அவரே பேச்சை மாற்றிவிடுவார். “இன்னிக்கு இன்னா ஆக்குனீங்க? ஒண்டியா இருந்தா ஒழுங்கா ஆக்கித் துன்ன மாட்டீங்களே.” தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பார், பொரியல் என்று அளப்பேன். அவர் கதவுக்காகக் கூப்பிட்டார். நான் அந்த இரண்டாவது கேள்விக்காகப் போனை எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். புனேயில் நான் சாப்பிட்டேனா என்று கேட்க வேறு யாரும் இருக்கவில்லை.

அப்போதுதான் தலைமையகத்திலிருந்து ஒரு அம்மையார் பார்வையிட வந்தார். பெரிய பதவி. குடியிருப்புக்காரர்கள் ஒரு லாரி அகலத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடித்திருந்தார்கள். அவர் முகம் பெரிதாக, பக்கத்தில் நிறுவனத்தின் சின்னம், மேலே மராத்தியில் ‘சுஸ்வாகதம்’ என்று நல்வரவு. ஆரத்தி எடுத்தார்கள். இளநீர் கொடுத்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். அம்மையார் எதையும் மறுக்கவில்லை. நல்ல மனுஷிதான். அக்கா தன் மகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அவர் கண் கலங்கியது.

வெயில் ஏறிய பிறகு அம்மையார் என் காதருகே வந்து, பக்கத்தில் ஏதாவது ஹோட்டல் இருக்கிறதா, பாத்ரூம் போகவேண்டும் என்றார். அக்காவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

“இதோ இருக்குதே, இங்கயே போகட்டும். நல்லா கழுவி வச்சிருக்கோம்” என்றார் சந்தோஷமாக.

சொன்னேன். அம்மையார் கதவைப் பார்த்தார். திரும்பி ரோட்டைப் பார்த்தார். வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்ப்பதற்காகவே டீக்கடையில் அன்றைக்குக் கூட்டம் அதிகம். எல்லோரும் கையில் கிளாஸோடு இந்தப் பக்கமே பார்த்து நின்றார்கள். பரவாயில்லை, என்னால் அடக்கிக்கொள்ள முடியும் என்றார் அவர். மகர்பட்டாவில் ஒரு காபிக்கடை போய்ச் சேரும்வரை காரில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டார். “அவங்களாலயே முடியல, பாத்தீங்களா? இனிமே மாத்திடுவாங்க.” குரலில் அப்படி ஒரு நிம்மதி. நானும் அதையேதான் நம்பினேன். காகிதத்தில் படித்துப் புரியாதது அடிவயிற்றில் புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

புரியத்தான் செய்திருந்தது. அவர் அனுப்பிய அறிக்கையில், வருங்காலக் கட்டடங்களுக்கு இது நல்ல பாடம் என்று எழுதியிருந்தார். இந்தக் கட்டடத்தின் திட்டக்காலம் முடிந்துவிட்டதாம், அதனால் ஒன்றும் செய்வதற்கில்லையாம். வீடியோவில் நேராகவே கேட்டேன். நீங்கள் அன்றைக்கு உள்ளே போகவில்லையே என்றேன். அவர் குனிந்துகொண்டார். தன் கையில் எதுவும் இல்லை, மேலே நிர்வாகக் குழு, அவர்களுக்கு மேலே நன்கொடையாளர்கள் என்றார். அவருக்கும் ஒரு தலைமையகம் இருக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“சரி விடும்மா. நீங்க இன்னா பண்ணுவீங்க” என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. நானாகக் கூப்பிட எனக்கு முகமில்லை. அந்த மாதங்கள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. தனியாக இருப்பது பழகியிருந்தது. கேட்க ஒருத்தர் இருந்து, பிறகு இல்லாமல் போவது பழகவில்லை.

மறுபடி ஒரு நாள் வேலையாக அங்கே போனபோது பார்த்தேன். கதவுகளுக்கும் ரோட்டுக்கும் நடுவே மூங்கில் நட்டு, அந்த வரவேற்பு பேனரை நீளமாகக் கட்டியிருந்தார்கள். ரோட்டைப் பார்த்து அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அக்காவின் மகள் ஈரக் கையை உதறியபடி வெளியே வந்து, என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“மொதல்ல தார்ப்பாய் கட்டுனோம், எவனோ அவுத்துப் போட்டான். சேலை கட்டுனோம், அதையும் அவுத்துட்டான். பெரியவங்க மூஞ்சி போட்டு ஆபீஸ் பேரு இருந்தா எவனும் கை வைக்க மாட்டேங்குறான்” என்றார் அக்கா.

ஒரு போட்டோ எடுத்து, ஒரு வரியும் எழுதாமல் தலைமையகத்துக்கு அனுப்பினேன். நம் சின்னம் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்று பாராட்டி மெயில் வந்தது.

பிறகு மறுசீரமைப்பு என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக நாற்காலியைக் காலி செய்தார்கள். புனே அலுவலகத்தை மூடி, கடைசியில் எனக்கும் நன்றி சொல்லி அனுப்பினார்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. கழுத்தில் மாட்டியபடியே வீட்டுக்கு வந்தேன். போஸ்டர் மட்டும் குடியிருப்புச் சுவரில் அப்படியே இருந்தது, என் நம்பரோடு.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம் அக்காவின் பெயர் கைபேசியில் வந்தது. பாய்ந்து எடுத்தேன்.

“நல்லா இருக்கீங்களாம்மா? காத்துல பேனர் கிழிஞ்சி பறந்துடுச்சு. பொண்ணு மறுபடியும் தண்ணி குடிக்க மாட்டேங்குது.” கொஞ்சம் தயங்கினார். “ஹெட் ஆபீஸ்ல இருந்து வேற யாருனா வர்றாங்களா?”

யாராவது வந்தால்தானே புதுப் பேனர்.

“யாரும் வரலக்கா. ஆபீஸையே மூடிட்டாங்க. எனக்கும் வேலை போயிடுச்சு.”

“ஐயோ. அப்போ பேனர்?”

“பேனர் வரும்க்கா.”

பிறகு அவர், “இன்னிக்கு இன்னா ஆக்குனீங்க?” என்றார். இந்தத் தடவை நான் அளக்கவில்லை. ஒன்றும் சமைக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மகர்பட்டா பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடை உண்டு. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ‘சுஸ்வாகதம்’ என்று பெரிதாக அடித்துவிட்டு, வருவது யார், போட்டோ கொண்டுவந்தீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“இது நீங்கள்தானே?”

“நான்தான்.”

முகத்தை முடிந்த அளவு பெரிதாகப் போடச் சொன்னேன். கீழே பதவி என்ன போடட்டும் என்றார்.

ஹெட் ஆபீஸ் என்று போடுங்கள் என்றேன்.