தட்டக்கரட்டு வாச்சர் பெருமாள்சாமி

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் ஏழாவது மைலில் இறங்கி நடந்தால் தட்டக்கரட்டுக் காடு. சர்க்கார் காடு. மரம் வெட்டக்கூடாது, ஆடு மேய்க்கக்கூடாது. ஆனால் டவுன்காரர்கள் வந்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடலாம் என்று, ஐம்பத்தெட்டில் சுனைக்குப் பக்கத்தில் நாலு சிமெண்டுப் பெஞ்சு போட்டார்கள். அந்தக் காட்டுக்கு வாச்சர் பெருமாள்சாமி. நான் தபாலாபீஸ் குமாஸ்தா. லீவு நாளில் சிநேகிதர்களோடு போய் அந்தப் பெஞ்சில் சீட்டாடிய கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனிதர் பொல்லாதவர். பீடிக்குத் தீக்குச்சி கிழித்தால் போதும், எங்கிருந்தோ வந்து நிற்பார்.

"சார், பீடிய வெளிய போயிக் குடிங்க. இது காடு, உங்க வீட்டு அடுப்படி இல்ல."

காக்கிச் சட்டை போட்டவனுக்கு இம்புட்டு ராங்கியா என்று அவர் காதுபடவே பேசுவோம். அவர் கண்டுகொள்ள மாட்டார். புதனும் சனியும் சுற்று ஊர்ப் பெண்கள் காய்ந்த சுள்ளி பொறுக்க அனுமதி உண்டு. அவர் சம்சாரம் அய்யம்மாளும் அந்த இரண்டு நாளில்தான் வரவேண்டும். ஒருநாள் அவள் கட்டுக்குள் பச்சைக் கிளை ஒன்று தெரிந்ததென்று, எங்கள் முன்னாலேயே கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார். அவள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கட்டினாள். "வீட்டுக்கு வாங்க, கஞ்சி ஊத்துறேன்" என்று அவள் சொன்ன தோரணையில் நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். பிள்ளை இல்லை அவர்களுக்கு. ஒருவருக்கு ஒருவர்தான்.

அறுபத்தொன்று பங்குனியில், ஒரு சனிக்கிழமை, காடு பற்றிக்கொண்டது. சுனைப் பக்கம் யாரோ சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் போகவில்லை. போயிருந்தால் அணைத்திருப்போம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல என்னால் முடியாது.

சுள்ளி பொறுக்க உள்ளே போன பெண்கள் ஆறு பேர். மூங்கில் வெடிக்கிற சத்தம், கண் திறக்க முடியாத புகை. மூன்று பேர் தாமே ஓடி வந்துவிட்டார்கள். மற்றவர்களைத் தேடி, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு பெருமாள்சாமி உள்ளே நுழைந்தார். "பெருமாள்சாமியண்ணே!" என்று தன் பெயர் கேட்ட திசையில் போய்ப் பேச்சாயியைத் தூக்கி வந்தார். "தம்பி பெருமாள்சாமி, இங்கிட்டு!" என்ற குரலைப் பிடித்துக்கொண்டு போய்ச் செபஸ்தியம்மாளை இழுத்து வந்தார். வெளியே வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. மறுபடி உள்ளே போய் "அய்யம்மா, அய்யம்மா" என்று கத்தினார். தன் பெயரைச் சொல்லும் குரல் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. வேறு வழியாக இறங்கியிருப்பாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் தீ அடங்கியபின் ஒரு பாறை இடுக்கில் அய்யம்மாள் கிடந்தாள். செபஸ்தியம்மாளை இழுத்து வந்த இடத்திலிருந்து முப்பது அடிகூட இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்த செபஸ்தியம்மாள்தான் அவரிடம் சொன்னாள்.

"எம்புட்டோ சொன்னேன் தம்பி. பொகைக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு 'ஏங்க, ஏங்க'ன்னே கத்துனா. இந்தச் சத்தத்துல ஏங்கன்னா யாருக்குத் தெரியும், பேரச் சொல்லிக் கூப்புடுடின்னேன். 'கட்டுனவரு பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிரும்க்கா, அவுகளே தீக்குள்ள நிக்கிறாக'ன்னுட்டா."

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் வீட்டிலும் என் பெயரை என் மனைவி சொன்னதில்லை. அதை மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்தவன் நான். அன்று ராத்திரி என் பெயரைச் சொல்லும்படி அவளைக் கேட்டேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெருமாள்சாமி வேலையை விடவில்லை. கருகின இடத்தில் கன்று நட்டார், தண்ணீர் சுமந்தார். அறுபத்தாறில் அவர் ஊரில் காலரா வந்து பதினோரு பேர் போனார்கள். அவரையும் கட்டை வண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். தேறமாட்டார் என்று சொன்னார்கள். பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக, ஆனால் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"பிழைச்சிட்டீங்க, பெரிய விஷயம்" என்றேன்.

அவர் கஞ்சியைக் கீழே வைத்தார்.

"அவ விட்டுட்டுப் போன ஆயுசு சார். தீரவே மாட்டேங்குது."