நிரப்பப்பட்டு வருகிறது

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவர் ‘காது’, எனக்கு மட்டும் அண்ணன். நாடாளுமன்றக் குழுக் கூட்டங்களில் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து தருவது அவர் வேலை. அதை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவது என் வேலை. இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் திருத்தியதெல்லாம் ஒற்றுப்பிழைதான். ஒரு சொல்லை விட்டார், ஒரு சொல்லை மாற்றிப் போட்டார் என்று சொல்லவே முடியாது. இரண்டு உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும் இருவர் சொன்னதும் தனித்தனியாகத் தாளில் வந்து உட்கார்ந்திருக்கும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “அண்ணே, இவங்க பேசுறதுல பாதிய நீங்களே முழுங்கிட்டா நாட்டுக்குப் புண்ணியமாப் போகும்” என்பேன்.

“சொன்னது சொன்னபடி இருக்கணும்மா. நாளைக்கு எவனாவது வந்து கேப்பான்” என்பார்.

எவன் வந்து கேட்டான்? எனக்குத் தெரிந்து ஒருத்தனும் கேட்கவில்லை.

அவரை வளர்த்தது அவருடைய அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, அக்காதான் தையல் மிஷின் மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். சுருக்கெழுத்து வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவள்தான். சாயங்காலங்களில் அவள் மிதித்துக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லுவாளாம், இவர் தரையில் உட்கார்ந்து எழுதிப் பழகுவாராம். “எங்க அக்கா திட்டுற வேகத்துக்கு எழுதிப் பழகுனவன்மா நான். இந்த உறுப்பினர்களெல்லாம் எனக்கு எம்மாத்திரம்?” என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது பெரும்பாலும் அக்கா பேச்சு எடுக்கும்போதுதான்.

அந்த அக்கா இன்னும் அதே ஊரில்தான் இருந்தாள். தலைநகரிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவளுக்கும் வயிற்றில் குடலிறக்கம். தொப்புள் பக்கத்தில் ஒரு புடைப்பு, வலித்தால் கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் அந்த ஊர் அரசு மருத்துவமனையில் கத்தி பிடிக்க ஆள் இல்லை. ஆபரேஷன் அறை இருந்தது, விளக்கு இருந்தது, பூட்டும் இருந்தது.

அண்ணன் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அலையாய் அலைந்து அவளுக்கு ஒரு நாள் வாங்கி வைத்தார். வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருவதாக அக்காவும் ஒருவழியாகச் சம்மதித்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர்கள் பற்றாக்குறையை விசாரிக்கக் குழு கூடியது. நீள மேசை, ஆளுக்கொரு ஒலிவாங்கி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர் போடுமளவுக்குக் குளிர். மேசைக்கு ஒருபுறம் உறுப்பினர்கள், எதிரே சுகாதாரத் துறைச் செயலாளர், அவர் முதுகுக்குப் பின்னால் ஃபைலோடு வரிசையாக அதிகாரிகள். கேள்வி வந்தால் பின்வரிசை முன்வரிசையின் காதைக் கடிக்கும், பிறகு பதில் வரும். உறுப்பினர்களில் ஒருவர் முன்பு பல் டாக்டராக இருந்தவர். அவர் ஒருத்தர்தான் படித்துவிட்டு வருவார். அன்று அக்காவின் ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்டார், அங்கே அறுவை சிகிச்சை மருத்துவர் ஏன் இல்லை என்று.

“அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டு வருகிறது” என்றார் செயலாளர்.

“வருகிறது என்றால் எப்போது?”

“விரைவில்.”

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை திருத்தியிருப்பேனோ! பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், சாலைப் பள்ளத்துக்கு மண், எல்லாமே இங்கே நிரப்பப்பட்டுத்தான் வருகின்றன. நிரப்பியிருந்தால் நிரப்பினோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நிரப்பவில்லை என்று சொன்னால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் இந்த மழுப்பல்.

இது எங்களுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. தம்பியின் தலையாவது தெரிகிறதா என்று பார்க்க, கூட்டம் டிவியில் வந்தால் உட்கார்ந்துவிடுவாள். அன்று சாயங்காலம் போன் வந்தது. அண்ணன் தட்டச்சில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“டேய், கேட்டியாடா! நம்ம ஊருக்கு ஆபரேஷன் டாக்டர் வர்றாராம்!”

“வர்றார்னு சொல்லலக்கா. நிரப்பப்பட்டு வருதுன்னுதான்...”

“அதத்தானே நானும் சொல்றேன்! வருதுன்னா வருதுதானே? வரலேன்னா எதுக்கு வருதுங்கணும்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா? “அக்கா, அவங்க காதுல பூ சுத்துறாங்க. நம்பாதீங்க. பேசாம கிளம்பி இங்க வாங்க” என்றேன்.

“நீ வேற ஏம்மா! அத்தனை பெரிய மனுஷங்க உக்காந்திருக்கிற இடம். என் தம்பி பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு சொல்லா எழுதிக்கிட்டிருக்கான். அவன் எழுதுறப்ப எவனுக்குப் பொய் சொல்லத் தைரியம் வரும்?”



உள்ளூரிலேயே டாக்டர் வரும்போது படுக்கையில் கிடக்கும் மனுஷனை விட்டுவிட்டு எதற்கு வர வேண்டும் என்று அவள் பயணத்தை நிறுத்திவிட்டாள். அண்ணன் லீவு போட்டுவிட்டு ஊருக்கே ஓடினார். கெஞ்சினார், கோபப்பட்டார், அவளோடு பேசமாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவள் அவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய்க் காட்டினாளாம். ஒரு அறையில் வெள்ளையடித்து, புது மேசை நாற்காலி போட்டு, பதவி மட்டும் எழுதிய பலகை மாட்டியிருந்ததாம். அங்கிருந்த நர்ஸ், “எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க சார். நாங்களும் பாத்துக்கிட்டேதான் இருக்கோம்” என்றாளாம்.

“பாருடா, நாற்காலிகூட வந்தாச்சு. உனக்குத்தான் எதுலயும் நம்பிக்கை கிடையாது” என்று அக்கா அவர் தலையில் குட்டினாளாம். மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இங்கே வாங்கி வைத்த நாள் வேறு யாருக்கோ போனது.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சீருடை தைக்க அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு முற்பகல் மிஷினில் இருக்கும்போதே அந்தப் புடைப்பு வெளியே வந்து மாட்டிக்கொண்டது. அமுக்கினாள், போகவில்லை. வாந்தி எடுத்து அங்கேயே சுருண்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நர்ஸ் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, தானும் கூடவே ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் அக்கா தாங்கவில்லை. வழியிலேயே போய்விட்டாள். பாவி மனுஷி, அவளை யாரும் ஏமாற்றக்கூட மெனக்கெடவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள், அவள் நம்பினாள்.

அண்ணன் காரியங்களை முடித்து, மாமாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு வேலைக்கு வந்தார். பற்றாக்குறைக் குழு மறுபடியும் கூடியபோது வேறு ஆளைப் போடச் சொல்கிறேன் என்றேன். “வேணாம்மா, நானே போறேன்” என்றார். அக்காவின் ஊரைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. பல் டாக்டரை அதற்குள் வேறு குழுவுக்கு மாற்றியிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து தட்டச்சு செய்த தாள்களை என் மேசையில் வைத்தார். நான் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டேன். யாரும் கேட்காமல் செயலாளரே அந்த ஊரை எடுத்திருந்தார். சென்ற முறை கவலை தெரிவிக்கப்பட்ட அந்த மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் எண்ணிக்கை குறைந்துள்ளது என்பதைக் குழுவுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வதாகச் சொன்னார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டும் சத்தமும் கேட்டது.

டாக்டர் ஒன்றும் வந்துவிடவில்லை. காத்திருந்தவர்கள்தான் போய்விட்டார்கள்.

தாளைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, மேசையைத் தட்டியதுகூட. ‘மகிழ்ச்சியுடன்’ மட்டும் இல்லை.

“அண்ணே, இங்க ஒரு சொல் விட்டிருக்கு.”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “எனக்குக் கேக்கலம்மா” என்றார்.

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். எனக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் செயலாளர் அலுவலகத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பி வந்தது. சொன்னது சொன்னபடி இல்லை, ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, சேர்த்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் சொன்ன மாதிரியே, பதிவேட்டைத் திறந்து கடைசியில் ஒருத்தர் கேட்டேவிட்டார். அண்ணனிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் மாமாவுக்கு மருந்து வாங்க வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, அந்தச் சொல்லை நானே சேர்த்துவிட்டேன்.