நாற்பத்தொரு கைநாட்டு

"ஏத்தா சங்கிலி, ராக்குக்குத் தலையைச் சீவிட்டியா, இல்ல நான் வந்து சீவணுமா?"

வாசலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுதான் மொக்கம்மாள் குரல் கொடுப்பாள். வீட்டுக்குள் போகமாட்டாள். போனால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் கஞ்சி குடிக்கச் சொல்வார்கள். அதற்குள் அடுத்த வீட்டுப் பிள்ளை ஆட்டுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு கரட்டுப் பக்கம் ஓடிவிடும். இடுப்பில் மரச்சீப்பு, கையில் வேப்பெண்ணெய்ச் சீசா. பேன் தலையென்றால் தெருவிலேயே உட்கார்த்தி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நகர்வாள்.

கோம்பைச் சாலையில் இருந்த அந்த ஊரில் ஜில்லா போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்து ஆயா அவள். வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவருவதும், சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் வேலை. பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாளும் நடக்கமாட்டாள். "முன்னால போனா பின்னால ஒண்ணு கழண்டுக்கிரும்" என்று, ஆடு பத்துகிறவளைப்போல வரிசையின் கடைசியில்தான் வருவாள். வர மறுக்கும் பிள்ளையிடம் பொய் சொல்வதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. "இன்னைக்குப் பொரிகடலை தாராக" என்பாள். அந்தப் பொரிகடலை அவள் மடியில்தான் இருக்கும்.

எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஆஜர்ப் பட்டியல் முழுவதும் வரிசை பிசகாமல் மனப்பாடம். கிருபாவதி டீச்சர் பெயர் கூப்பிடும்போது வாசற்படியில் நின்று அடுத்த பெயரை முணுமுணுப்பாள். டீச்சர் ஒரு பெயரை விட்டுவிட்டால், "பதினேழு போச்சு டீச்சரம்மா" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் சிக்கனம் என்று ஓர் உத்தரவு வந்தது. பிள்ளைகள் குறைவாக வரும் பள்ளிக்கூடங்களை மூடச் சொன்னார்கள். இந்த ஊருக்கு எண்ண வந்தவர்கள் நடவு மாசத்தில் வந்தார்கள். தாய்மார்கள் வயலுக்குள் நிற்க, பிள்ளைகள் கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்ற மாசம். பள்ளிக்கூடத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொன்று என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கிருபாவதியைத் தேனிக்கு மாற்றினார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு அவள் மொக்கம்மாளிடம் சாவியைக் கொடுத்தாள். "நாப்பது பிள்ளைக படிக்க வரும்னு ஊர்ல எழுதிக் குடுத்தா மறுபடி திறப்பாக மொக்கம்மா. அதுவரைக்கும் பூட்டைப் பாத்துக்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ, நிஜமாகவே நம்பிச் சொன்னாளோ தெரியாது. மொக்கம்மாள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டு அறைக் கருங்கல் கட்டடம். மலையடிவாரத்திலிருந்து ஊர்க்காரர்கள் தங்கள் வண்டிகளில் கூலியில்லாமல் கல் அடித்துக் கட்டியது. சம்பளமில்லாமல் அதைப் பெருக்கினாள். மழைக்காலத்தில் ஓடு மாற்றினாள். பகலில் களை எடுக்கப் போனாள். பொழுது சாய்ந்ததும் கைநாட்டு வாங்க ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மை வாங்க வழியில்லை. விளக்கெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துச் சிரட்டையில் எடுத்துப் போவாள். எண்ணெய் தாளில் ஊறிப்போகும். ஆனாலும் ரேகை தெரியும்.

சங்கிலியம்மாள் லேசில் மசியவில்லை. "ராக்கு பள்ளிக்கூடம் போனா இந்தக் கைப்பிள்ளைய யாரு மதினி தூக்குவா?"

"நான் தூக்குறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றே அந்தக் குழந்தையை வாங்கி முதுகில் தூளி கட்டிக்கொண்டாள். களை எடுக்கும் இடத்துக்கும் அதோடுதான் போனாள். பதினைந்து நாள் பார்த்துவிட்டு, புருஷன் சந்தைக்குப் போன நேரத்தில் சங்கிலியம்மாள் பெருவிரலைச் சிரட்டையில் தோய்த்தாள். விஷயம் தெரிந்து அவன் அடித்தான். அதையும் மொக்கம்மாளிடம் அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நாற்பது கேட்டார்கள், நாற்பத்தொன்று சேர்ந்தது. மனு எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மேலே நாலு வரி எழுதச் சொல்லி, பத்து மைல் நடந்து போர்டு ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தாள். குமாஸ்தா அதில் முத்திரை குத்திய சத்தத்தை வருகிற வழியெல்லாம் தெரிந்தவர்களிடம் சொன்னாள்.

நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஏலக்காய் வியாபாரி சீனிச்சாமி. போர்டு மெம்பர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். பள்ளிக்கூட வாசலில் நின்று அவரே வாசித்துக் காட்டினார். "மேற்படி கிராமத்தில் நாற்பத்தொரு பெண் குழந்தைகள் கல்வி கற்க விரும்பியும் பள்ளிக்கூடம் இல்லாதபடியினாலும், போர்டுக்குச் சொந்தமான கட்டடம் காலியாகக் கிடப்பதாலும்..."

மொக்கம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. "நாப்பத்தொண்ணா? நம்ம பிள்ளைகளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மிச்சத்தில்தான் விஷயம் இருந்தது. கட்டடம் சீனிச்சாமி நடத்தப்போகும் வித்தியாசாலைக்குப் பத்து வருஷக் குத்தகை. "ஒன்னாலதான் மொக்கம்மா கட்டடமே கெடச்சிருக்கு" என்றார் அவர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்துத் தன் கையாலேயே கொடுத்தாள்.

வித்தியாசாலைக்குச் சர்க்கார் அங்கீகாரமும், பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று மானியமும் வேண்டும். அதற்குப் பிள்ளைகளை எண்ண இன்ஸ்பெக்டர் வருவார். "ஒன் பிள்ளைக அம்புட்டையும் கூட்டியா. மத்ததப் பெறகு பேசிக்கிருவோம்" என்றார் சீனிச்சாமி. போர்டு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் படிப்புக்குச் சம்பளம் வாங்குவது கிடையாது. இங்கேயும் அப்படித்தான் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு அப்படியே சொன்னாள். அந்தக் காலையில் நாற்பத்தொரு பிள்ளைகளும் எண்ணெய் வைத்த தலையோடு தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ராக்கை எழுப்பி "அ" போடச் சொன்னார். போட்டாள்.

மறுநாள் சீனிச்சாமி வாசலை மறித்து நின்றார். "சம்பளம் கொண்டாந்த பிள்ளைக மட்டும் உள்ள வரட்டும்."

ஒன்பது பேர் உள்ளே போனார்கள். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள். முப்பத்திரண்டு பேர் வெயிலில் நின்றார்கள்.

"சும்மா சொல்லிக் குடுப்போம்னீகளே முதலாளி!"

"நான் எப்பச் சொன்னேன்? நீயில்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்லவில்லைதான்.

முப்பத்திரண்டு பேரையும் திருப்பி வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டாள். சங்கிலியம்மாள் கத்தவில்லை. மகளை உள்ளே இழுத்துக்கொண்டு, தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். "இத வச்சுத்தான் அவுக கட்டடத்த வாங்குனாகளா மதினி?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. ராக்கு மலைக்கு, ஏலத்தோட்டத்துக்குக் களை எடுக்கப் போனாள்.

மொக்கம்மாள் போர்டு ஆபீசுக்கு இன்னொரு தடவை நடந்தாள். அதே குமாஸ்தாதான். "பள்ளிக்கூடம் கேட்டீக. வந்துருச்சுல்ல? இன்னும் என்ன?" என்றார். திரும்பி வந்து, வித்தியாசாலையிலேயே ஆயாவாக இருந்தாள். வேலையை விட்டிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்துக் காட்டிலும் வேலை இல்லை; வயிறு கேட்கவில்லை. ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். மற்ற வாசல்களைக் கடக்கும்போது குரல் கொடுக்காமல் நடந்தாள்.

ஒருநாள் வாத்தியார் பெயர் கூப்பிடாமலே நோட்டில் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போவதைப் பார்த்தாள். "என்னய்யா எழுதுறீக?"

"ஆஜர். நாப்பத்தோரு பேருக்கும்."

"ராக்கு மலையில இருக்காளேய்யா."

"இங்கனயும் இருக்கா" என்றார் வாத்தியார், தலையைத் தூக்காமலே.

மறுவருஷமும் இன்ஸ்பெக்டர் வரும் நாள் வந்தது. "அந்த முப்பத்திரண்டையும் கூட்டியா. ஒருநாள்தான" என்றார் சீனிச்சாமி.

காலையில் புறப்பட்டாள். சங்கிலியம்மாள் வீட்டு வாசலில் ராக்கு களைக்கொத்தும் சாக்குமாக மலைக்குக் கிளம்பி நின்றாள். "என்ன பெரியாத்தா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, போத்தா" என்று சொல்லிவிட்டு மொக்கம்மாள் நடந்தாள். எந்த வீட்டிலும் நிற்கவில்லை. தெரு முடிந்து, தோப்பு முடிந்து, வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தாள். வேலை போகும் என்று தெரியும். போகட்டும். இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டியதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்: "பிள்ளைக இல்லைங்கய்யா, பேருதான் இருக்கு." வெயில் உச்சிக்கு ஏறியதும் எழுந்து, தனியாகத் திரும்பி வந்தாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் வண்டி பூட்டித் தயாராக நின்றது. உள்ளே சாப்பாட்டு இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீனிச்சாமிக்குக் கோபமே இல்லை. "வந்துட்டியா? இனித் தேவையில்ல. ஐயா நோட்டப் பாத்தே கையெழுத்துப் போட்டுட்டாக" என்றார் வெற்றிலையை மடித்துக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் கை துடைத்தபடி படியிறங்கினார். மொக்கம்மாள் எதிரே போய் நின்றாள். "ஐயா, பிள்ளைக இல்லைங்கய்யா..."

"தெரியும், தெரியும். நேரமாயிற்று, கூட்டிவர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்" என்று அவர் அன்பாகச் சிரித்தார். சீனிச்சாமியின் பக்கம் திரும்பி, "நல்ல ஆயா" என்றார். வண்டியில் ஏறிக்கொண்டார்.

வாத்தியார் கும்பிட்டார். ஒன்பது பிள்ளைகளும் கும்பிட்டார்கள். சீனிச்சாமி குனிந்து கும்பிட்டவாறே முழங்கையால் அவளை இடித்து, "கும்பிடு" என்றார்.

மொக்கம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.