மரத்துக்கு மேலே பூக்கிற கொடி

கம்பத்தில் ஏறும்போதும் லைன்மேனின் கண் பக்கத்து மரத்தைச் சுற்றிய கொடியிலேயே இருக்கிறது. காட்டை ஊடறுத்துப் போகும் இந்தச் சாலையில் இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு வேலை, மின்கம்பிக்குத் தாவும் கொடிகளை வெட்டுவது. வெட்டுகிறவருக்கே அதன் மேல் ஆசை வந்தது எப்படி என்று கேட்டேன்.

"ஆசையெல்லாம் இல்லீங்க. இது என்னதான் பண்ணுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான்."

ஒருமுறை ஒரு துளிரைப் பிரித்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். "நாலு நாள் கழிச்சுப் போனா, தானே அவுத்துக்கிட்டுப் பழைய பக்கமே சுத்திட்டு நிக்குது. பிடிவாதத்துல எங்க மாமனாரேதான்."

சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து வாடிய பூக்கள். "நான் சட்டையத் துவைக்கறேனா, காட்டத் துவைக்கறேனான்னே தெரியல" என்கிறார் அவர் மனைவி.

அந்தக் கொடி நிழலில் பூப்பதில்லை. வருடக்கணக்கில் இருட்டுக்குள் ஏறி, மர உச்சியில் வெயிலைத் தொட்ட பிறகே பூக்கிறது. சாலையில் போகிறவர்களுக்கு உதிர்ந்த வெள்ளைப் பூக்கள்தான் தெரியும். மேலே மரம் முழுக்க வெளுத்துக் கிடப்பதையும், தேனீக்கள் மொய்ப்பதையும் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

போன மழையில் ஒரு கொடி கம்பியை இழுத்து அறுத்துவிட்டது. மலைக்கு அந்தப்புறம் உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கம்பியோரக் கொடிகளை எல்லாம் அடியோடு வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அதைப் பார்வையிட இன்ஜினியரம்மா வந்த அன்று நானும் இருந்தேன்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம், வெட்டிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ மேல வந்து பாருங்க."

கரண்டை நிறுத்தி, ஏணி லாரியின் கூண்டில் இருவரும் ஏறினார்கள். கூண்டு மர உச்சிப் பூக்களுக்கு மேலே போய் நின்றது. பிறகு அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"கம்பிப் பக்கம் மட்டும் வெட்டினா போதுமா?"

"போதும் மேடம். ஆனா மாசாமாசம் வெட்டணும்."

"நீங்க லீவுல இருந்தா?"

"லீவுலயும் வந்து வெட்டறேன்."

கீழிருந்து அண்ணாந்து பார்த்தேன். அவர் கம்பியை நோக்கி நீண்ட துளிர்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். கழுத்துத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, அந்தத் துளிரை மரத்தின் பக்கம் வளைத்து, ஒரு கிளையோடு இறுக்காமல் கட்டினார்.