நோட்டில் எழுதாமல் விட்டது

நான் முதல் செல்போன் வாங்கிய வருஷம் அது. பட்டாசு கம்பெனியில் தினமும் மதியம் சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பது என் வேலை. அதனால் இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல், தூக்கமும் போனது. மதுரையில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை தந்தார். அது இரைச்சலையும் குறைக்கிறதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்ததால், இரைச்சலுக்குத் தினமும் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதிவரச் சொன்னார். மாத்திரை விழுங்கிய நிமிஷம்வரை குறித்தேன்.

நான்கே வாரத்தில் எட்டு மார்க் மூன்றாக இறங்கியது. விட்டால் இரைச்சல் திரும்பிவிடும் என்ற பயத்தில், ஆயுள் முழுக்க அந்த மாத்திரையையே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன்.

கூட வந்த என் மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அம்புட்டும் எழுதுனீக. தீபாவளி முடிஞ்சு இந்த நாலு வாரமா கம்பெனி பூட்டிக் கெடக்கே, அதை எழுதுனீகளா? வெடிச் சத்தமே இல்லாம வீட்ல உக்காந்திருந்தா காது ஆறாம என்ன செய்யும்?"

டாக்டர் திகைத்தார், பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "நல்லவேளை நீங்க வந்தீங்கம்மா. இவர் கணக்கை நம்பி நானும் தப்பா எழுதியிருப்பேன்."

அவர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். மார்க் ஏறவில்லை. கம்பெனி திறந்ததும் காதை நன்றாக அடைத்துக்கொண்டுதான் வெடி போட்டேன்.

தீபாவளிக்குப் பின் கம்பெனி பூட்டுவது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. அதனாலேயே எனக்கு எழுதத் தோன்றவில்லை. அன்று திரும்பும் பஸ்ஸில், சாத்தூர் வரும்வரை அவள் என்னைக் கேலி பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை விடாமல் என் காதில் விழுந்தது.