காதுகுத்தன்று நனைந்த வேட்டி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அரிமளத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, பஸ் கண்டக்டராகச் சேர்ந்து, தங்கையான என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவர். கை சுத்தமானவர். ஆனால் பயணிகளிடம் ஒரு விஷயத்தில் இரக்கமே இல்லாதவர் என்பதையும் எழுதத்தான் வேண்டும். "ஒதுங்கிட்டு வந்துர்றேண்ணே" என்று யார் கெஞ்சினாலும், "இந்தா இலுப்பூர் வந்துரும், அடக்குங்க" என்று விசிலை ஊதிவிடுவார்.

அவர்கள் விட்ட சாபமோ என்னவோ, எழுபதைத் தாண்டியதும் அண்ணனுக்கே அடக்க முடியாமல் போனது. காரில் எங்கே கிளம்பினாலும் பின்சீட்டிலிருந்து "ஹோல்டான்!" என்று குரல் வரும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அதே அதட்டல். கார் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார். கால் வேறு தளர்ந்திருந்ததால், கையைப் பிடித்துக்கொண்டு அண்ணியும் கூடவே ஓடுவார்.

பிறகு அண்ணனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். தலைசுற்றி வாசலில் விழுந்ததுதான் மிச்சம்.

"தண்ணி குடிக்காட்டி இன்னும் கெட்டுப்போகுங்கய்யா. நல்லாக் குடிங்க. அவசரம் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிருங்க" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

அண்ணன் தலையாட்டினார். ஆனால் கல்யாணம், காட்சி எதற்கும் போவதில்லை. நாலு பேர் நடுவே நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பஸ் நிறைய ஆளோடு பேசியே வாழ்ந்த மனிதர், வீட்டுக்குள் வாடிப்போனார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் என் பேத்தி நிலாவுக்குக் காதுகுத்து வைத்தோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். என் மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. முறைக்குத் தாத்தா என்றாலும் அண்ணன்தான் மாமனாக உட்கார வேண்டும்.

"ஏத்தா, என் மடிய நம்பாத. வேற ஆளப் பாரு."

"வேற மாமனுக்கு நான் எங்கண்ணே போவேன்? நீங்க உக்காரலேன்னா பிள்ளைக்குக் காதே குத்தல."

வந்தார். நார்த்தாமலைப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தார். ஆசாரி காதில் கை வைத்ததும் நிலா வீரிட்டாள். அண்ணன் பதறிப்போய் அவளை இறுக்கி அணைத்தார். வேட்டி நனைந்துவிட்டது. அண்ணன் முகம் செத்துப்போனது.

அதற்குள் சம்பந்தியம்மா கைதட்டிச் சிரித்தார்.

"மாமன் மடிய நனைச்சுப்புட்டாளே, கள்ளி!"

பந்தலே சிரித்தது. "இதுக்கெல்லாம் குடுத்துவச்சிருக்கணுங்க" என்று அண்ணனும் சமாளித்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாவாடையை மாற்றினேன். உள்ளே டயப்பர் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

வேட்டி மாற்றிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்த அண்ணன் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அதன்பின் டாக்டரம்மா சொன்னபடி முன்கூட்டியே எழுந்து போகப் பழகிக்கொண்டார். எந்த விசேஷத்தையும் விடவில்லை.

"ஏத்தா, நான் இருக்குறமட்டும் வாயத் தொறக்காத. போனப்பறம் அந்தப் பிள்ளைக்கு உண்மையச் சொல்லிரு" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அண்ணனைக் கடைசிவரை கைத்தாங்கலாகப் பிடித்திருந்த அண்ணிக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவுகள் அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நிலாக்கண்ணு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் இதைப் படித்துக்கொள். உன் தாத்தா கடைசிவரை நாலு பேர் நடுவே தலைநிமிர்ந்து உட்கார்ந்தது உன்னால்தான். அன்றைக்கு நனைத்தது நீ இல்லையம்மா.